‘நல்லா இருப்பே!’

ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலைப் படிக்கட்டு. வருஷத்துக்கு 365 நாள் என்ற கணக்கில் 365 படிகள் என்பார்கள். நீங்கள் பாதி தூரம் ஏறிவிட்டு, மூச்சு வாங்க ஓரமாக நிற்கிறீர்கள். மேலேயும் கீழேயும் மஞ்சள் வேட்டிகள், புஷ்பக் காவடிகள், ‘அரோகரா’ முழக்கம். உங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி. அவர் கையைப் பிடித்திருந்த நாலு வயசுப் பேரன், திடீரென்று திமிறிக்கொண்டு படி விளிம்பை நோக்கி ஓடுகிறான். பாட்டி தெலுங்கில் ஒரு சத்தம் போடுகிறார். உங்களுக்குத் தெலுங்கில் ‘மஞ்சி நீள்ளு’வைத் தாண்டி ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும், அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் உங்கள் கை தானாக நீண்டு, பையனின் சட்டைக் காலரைக் கப்பென்று பிடித்துவிடுகிறது!

பாட்டி என்ன சொன்னார்? ‘நில்லுடா’ என்றா, ‘பிடிங்களேன்’ என்றா, அல்லது வெறுமனே பேரனின் பெயரையா? தெரியாது. அடுத்த நிமிஷம் உங்களைப் பார்த்து இன்னொரு வாக்கியம் சொல்கிறார். அது நன்றி. பிறகு பேரன் பக்கம் திரும்பி மூன்றாவதாக ஒன்று... சந்தேகமே இல்லை, வசவு! அகராதி கிடையாது, மொழிபெயர்ப்பாளர் கிடையாது. மூன்றும் உங்களுக்கு எப்படிப் புரிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி, நரம்பியல் டாக்டர்கள் சுமார் நூற்றைம்பது வருஷங்களாக அலைந்த கதை ஒன்று இருக்கிறது. அதற்குள் போவதற்கு முன், திருத்தணியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்போம். காரணம் இருக்கிறது.

முதலில், ஊர்ப் பெயரே ஓர் உணர்ச்சியைப் பற்றியதுதான்! சூரனோடு போர் முடித்து வந்த முருகனின் சினம் தணிந்த இடம் என்பது தலபுராணம். ‘செருத்தணி’ என்பதுதான் திருத்தணி ஆயிற்று என்று சொல்வார்கள் (செரு என்றால் போர்). அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும் கந்த சஷ்டியில், இங்கே சம்ஹாரம் கிடையாது. பூக்களால் அர்ச்சனை மட்டும்தான். கோபம் தணிந்துவிட்ட ஊரில் மறுபடி எதற்குச் சண்டை?

இரண்டாவது, இது இரண்டு மொழிகள் உரசிக்கொள்ளும் ஊர். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம், சிறைவாசம், பிறகு படாஸ்கரின் சமரசம் என்று ஏழு வருஷ இழுபறி. கடைசியில் 1960 ஏப்ரல் 1-ம் தேதி அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பூமியில் கோடு போட்டாகிவிட்டது. பேச்சுக்குக் கோடு போட முடியுமா? இன்றும் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தமிழில் அதட்ட, பயணி தெலுங்கில் பதில் சொல்ல, இருவருக்குமே சண்டை சுத்தமாகப் புரியும்!

மூன்றாவது, ஒரு பாட்டு. சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன்பு, முத்துசுவாமி தீட்சிதர் என்ற இளைஞர் இந்த மலைக்கு வந்தார். ஒரு முதியவர் அவர் வாயில் கல்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார், உடனே தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது சங்கீத உலகம் சொல்லிவரும் கதை. ராகம் மாயாமாளவகௌளை. மொழி சம்ஸ்கிருதம். கேட்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அது அர்த்தத்தோடு புரியும்? இருந்தும் கண் கலங்குகிறதே! தெலுங்கு தெரியாத தஞ்சாவூர்க்காரர்கள் தியாகராஜரைக் கேட்டு உருகுவதும் இதே ரகம்தான்.

‘அதெல்லாம் பழக்கம் சார், சின்ன வயசிலிருந்து கேட்கிறோம், உருகுகிறோம்’ என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான சந்தேகம். பால்க்வில், தாம்ப்ஸன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே சந்தேகம். ஹிந்துஸ்தானி சங்கீதம் என்றால் என்னவென்றே தெரியாத மேல்நாட்டுக்காரர்களை உட்காரவைத்து, ராகங்களைப் போட்டுக் காட்டினார்கள். 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். சந்தோஷ ராகம், சோக ராகம், கோப ராகம் மூன்றையும் கேட்டவர்கள் இனம் கண்டுகொண்டார்கள். ஒன்றில் மட்டும் தடுமாறினார்கள். அது சாந்தம். கோபத்தை எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும். கோபம் தணிந்த நிலையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது!

சரி, மூளைக்குள் இது எப்படி நடக்கிறது? பாரிஸ் நகரத்துக்குப் போவோம்.

1861, ஏப்ரல் மாதம். பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடக்கிறார். அவரால் பேச முடிந்தது ஒரே ஓசைதான். ‘டான்... டான்!’ பெயர் கேட்டால் டான், ஊர் கேட்டால் டான். மருத்துவமனையில் அவர் பெயரே ‘டான்’ ஆகிவிட்டது. ஆனால் ஓர் ஆச்சரியம். சொல்வதை எதிராளி புரிந்துகொள்ளாமல், டானுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தால், வாயிலிருந்து முழுசாக ஒரு கெட்ட வார்த்தை தெளிவாக வந்து விழும்! அவர் இறந்ததும், பால் ப்ரோகா என்ற டாக்டர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது பாதியில், முன்பக்கமாக ஓர் இடம் சிதைந்திருந்தது. பேச்சின் இருப்பிடம் இடது மூளை என்ற சரித்திரப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் ஆரம்பம்.

உலகமே ‘இடது, இடது’ என்று கொண்டாடிக்கொண்டிருந்தபோது, லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்ற டாக்டர் மட்டும் அந்தக் கெட்ட வார்த்தையைப் பற்றி யோசித்தார். பேச்சே போன ஆளுக்கு வசவு மட்டும் எங்கிருந்து வருகிறது? இடது பாதி கெட்டுப்போனவர்களும் திட்டுகிறார்கள், ‘ஐயோ’ என்கிறார்கள். அப்படியானால் கருத்தைச் சொல்லும் பேச்சு வேறு, உணர்ச்சியைக் கொட்டும் பேச்சு வேறு. இரண்டாவதில் வலது மூளைக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று 1870-களில் எழுதினார். அருமையான ஊகம். அடுத்த நூறு வருஷத்துக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

பேச்சின் ‘ராகம்’ மாறினால் மனிதர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதற்கு இடையில் ஒரு சோகமான சாட்சி. 1941. நார்வே நாடு ஹிட்லரின் பிடியில் இருந்த சமயம். ஆஸ்லோ நகரத்தின் மேல் விமானத் தாக்குதல். குண்டுச் சிதறல் ஒன்று ஓர் இளம்பெண்ணின் தலையின் இடதுபக்கத்தில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். பேச்சும் திரும்பி வந்தது. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் மாறிப்போய், கேட்பவர்களுக்கு அது ஜெர்மன்காரி பேசுவது போல ஒலித்தது! எதிரி நாட்டுக்காரி என்று நினைத்துக் கடைகளில் அவருக்குச் சாமான் தர மறுத்தார்கள். சொந்த நாட்டில், சொந்த மொழியில், சரியான வார்த்தைகளில்தான் பேசினார் பாவம். மெட்டு மட்டும்தான் தப்பு. அவரைப் பரிசோதித்த மான்ராட்-க்ரோன் என்ற டாக்டர் 1947-ல் இதை விரிவாக எழுதினார். மொழியின் இலக்கணத்துக்கு உதவும் ராகம் ஒன்று, மனசின் நிலையைக் காட்டும் ராகம் இன்னொன்று என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டியவர் அவர்.

இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பேன். எழுத்தொலிகளை எடுத்தல், படுத்தல், நலிதல் என்று குரலின் ஏற்ற இறக்கத்தால் பிரிப்பதை நன்னூல் சொல்கிறது. பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் இதற்குக் ‘காகு’ என்று தனிப்பெயரே உண்டு. வார்த்தையை மாற்றாமல், தொனியை மட்டும் மாற்றி அர்த்தத்தைத் தலைகீழாக்கும் வித்தை! அவ்வளவு தூரம் எதற்கு? நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற ‘நல்லா இருப்பே!’ என்ற இரண்டு வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் விழுந்து எழும் பேத்தியிடம் சொன்னால் ஆசீர்வாதம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு போகிற மகனின் முதுகைப் பார்த்துச் சொன்னால், அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. ஓர் எழுத்துகூட மாறவில்லை!

இப்போது 1975. அமெரிக்காவில் கென்னத் ஹெயில்மன் என்ற நரம்பியல் டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு சுலபமான சோதனை செய்தார்கள். ‘பையன் கடைக்குப் போனான்’ மாதிரி உப்புச்சப்பில்லாத வாக்கியங்கள். அவற்றையே சந்தோஷமாக, சோகமாக, கோபமாக, எந்த உணர்ச்சியும் இல்லாமல் என்று நான்கு விதமாகப் பேசிப் பதிவு செய்து, மூளை பாதிக்கப்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வலது மூளையின் பின்பகுதியில் அடிபட்டவர்கள், பையன் எங்கே போனான் என்பதைச் சரியாகச் சொன்னார்கள். சொன்னவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா என்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஜாக்ஸன் நூறு வருஷத்துக்கு முன்னால் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

நான்கு வருஷம் கழித்து, எலியட் ராஸ், மெஸுலம் என்ற இரு டாக்டர்கள் ஒரு பள்ளி ஆசிரியையின் கதையை வெளியிட்டார்கள். வலது மூளையில் பக்கவாதம். பேச்சில் ஒரு குறையும் இல்லை. வகுப்புக்குத் திரும்பினார். பசங்க மதிக்கவேயில்லை. ‘அமைதி’ என்று சொன்னால், அது ‘இன்று செவ்வாய்க்கிழமை’ என்பது போல ஒலித்தது! உள்ளே கோபம் கொதிக்கிறது. குரலில் அது ஏறவில்லை. கடைசியில், திட்டி முடித்ததும் தான் நிஜமாகவே கோபமாக இருப்பதாகத் தனியாக ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கோபத்தைக் கோபமாகக் காட்ட முடியாமல், அறிக்கையாக வாசிக்க நேர்ந்த பரிதாபம்!

ஆலிவர் சாக்ஸ் என்ற டாக்டர் 1985-ல் வெளியிட்ட புத்தகத்தில் வரும் காட்சி, இந்த நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. மருத்துவமனை வார்டில் டி.வி. ஓடுகிறது. அமெரிக்க ஜனாதிபதியின் உரை. இடது மூளை கெட்டு, வார்த்தைகளே புரியாத நோயாளிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வார்த்தை புரியாததால், அவர்கள் குரலையும் முகபாவத்தையும் மட்டுமே கவனிக்கிறார்கள்; அதில் இருந்த போலித்தனம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அதே வார்டில், வலது மூளை பாதித்த ஒரு பெண்மணி. அவருக்குத் தொனி தெரியாது, வார்த்தை மட்டும்தான். அவரும் அந்தப் பேச்சில் மயங்கவில்லை. சொல்லாட்சி சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார்! ஆக, மேடைப் பேச்சில் ஏமாறுவதற்கு மூளையின் இரண்டு பாதிகளும் நன்றாக இருக்க வேண்டும். நம்மைப் போல!

இந்தக் கதையில் ஒரு தமிழரும் வருகிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிஃபோர்னியா போய் உலகப் புகழ்பெற்ற வி.எஸ்.ராமச்சந்திரன். அவரிடம் ஓர் இளைஞர் வந்தார். கார் விபத்தில் தலையில் அடிபட்டு, கோமாவிலிருந்து மீண்டவர். எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. அம்மாவைப் பார்த்து, ‘இவள் என் அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் என் அம்மா இல்லை. வேஷம் போட்டு வந்திருக்கிறாள்’ என்றார்! 1923-ல் இதை முதலில் விவரித்த ஃபிரெஞ்சு டாக்டரின் பெயரால் இதைக் ‘காப்க்ரா’ மனமயக்கம் என்பார்கள். விசித்திரம் இனிமேல்தான். அதே அம்மா பக்கத்து ரூமிலிருந்து போன் செய்தால், ‘அம்மா! எப்படி இருக்கே?’ என்று மகன் பாசமாகப் பேசினார்!

ராமச்சந்திரன் தந்த விளக்கம் இது. மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. இது நமக்கு வேண்டியவரா, ஆபத்தா என்று உணர்ச்சி முத்திரை குத்தும் இடம். கண்ணிலிருந்து அங்கே போகும் பாதை ஒன்று. காதிலிருந்து போகும் பாதை வேறொன்று. விபத்தில் முதல் பாதை அறுந்துவிட்டது. முகம் தெரிகிறது, பாசம் பொங்கவில்லை. பொங்காததால், ‘இது அம்மா இல்லை’ என்று மூளை முடிவு கட்டுகிறது. குரல் வரும் பாதையில் சேதம் இல்லை. அதனால் போனில் அம்மா அம்மாவாகவே இருந்தார்!

2000-ம் வருஷத்தில் அந்தக் குரல் பாதையின் முக்கியமான ஸ்டேஷன் ஒன்று கிடைத்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் பாஸ்கல் பெலின் குழுவினர் ஸ்கேன் மெஷினில் ஆட்களைப் படுக்கவைத்து, விதவிதமான ஒலிகளைப் போட்டார்கள். காதுக்குச் சற்று மேலே, மூளையின் பக்கவாட்டு மடிப்பில் ஒரு பகுதி, மணிச் சத்தம், வண்டிச் சத்தத்தைவிட மனிதக் குரலுக்கு அதிகம் விழித்துக்கொண்டது. பேச்சுதான் என்றில்லை; சிரிப்பு, இருமல்கூடப் போதும். 2014-ல் புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் 11 நாய்களை ஆடாமல் படுக்கப் பழக்கி, அதே மாதிரி ஸ்கேன் எடுத்தார்கள். அவற்றுக்கும் குரலுக்கென்று இடம் இருந்தது! நீங்கள் ஆபீஸில் யாரிடமோ பட்ட கோபத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறதே, சும்மா இல்லை.

திருத்தணிப் பாட்டியின் சத்தத்துக்கும் கணக்கு வந்துவிட்டது. சாதாரணப் பேச்சில் ஒலியின் அளவு வினாடிக்குச் சில முறைதான் ஏறி இறங்கும். பீதியில் போடும் அலறலில் அது வினாடிக்கு 30 முதல் 150 முறை வரை படபடக்கிறது. அந்தக் ‘கரகரப்பு’ நேராக அமிக்டலாவை உலுக்குகிறது என்று 2015-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அர்த்தம் தேடும் வேலை பிறகு. கை நீள்வது முதலில். அது தெலுங்கா, தமிழா என்று மூளை பார்த்துக்கொண்டிருந்தால் பையன் கதி என்ன?

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். ‘வார்த்தை இடது, உணர்ச்சி வலது’ என்று இரண்டு டப்பாவில் போட்டு மூடிவிட முடியாது என்பதுதான் இன்றைய நிலை. தொனியைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் வலதுபக்கத்துக்கு ஒரு படி முன்னுரிமை உண்டு. ஆனால் முன்மூளை, அமிக்டலா, உள்ளே இருக்கும் அடித்தள முடிச்சுகள் எல்லாம் சேர்ந்துதான் கச்சேரி. பார்க்கின்ஸன் நோயில் அந்த முடிச்சுகள் பழுதாகும்போது, குரல் தட்டையாகிவிடுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன பண்ண? இரண்டு விஷயம் பண்ணலாம்.

முதல் விஷயம். பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்துபோன அப்பாவோ மாமியாரோ உங்கள் வீட்டில் இருக்கலாம். இடதுபக்கம் விழுந்தால், பெரும்பாலும் பாதிப்பு வலது மூளையில். ‘பேச்சு நல்லா இருக்கே, பிழைச்சாரு’ என்று வீடே நிம்மதி அடையும். பிறகு மெதுவாகப் புகார் ஆரம்பிக்கும். ‘பேத்தி பொறந்த சேதி சொன்னேன், ஒரு சந்தோஷம் இல்லையே!’ ‘நான் அழுதுகிட்டு நிக்கிறேன், டிபன் ரெடியான்னு கேக்குறாரே!’ கல்நெஞ்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே சந்தோஷம் இருக்கலாம், துக்கமும் இருக்கலாம். அதைக் குரலில் ஏற்றுகிற, உங்கள் குரலிலிருந்து இறக்குகிற இடம்தான் அடிபட்டிருக்கிறது. டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். அவரிடம் பேசும்போது, ‘எனக்கு இன்னிக்கு மனசு சரியில்லப்பா’ என்று வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள். அந்தப் பள்ளி ஆசிரியை செய்த மாதிரி.

இரண்டாவது விஷயம். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 12 வயதுச் சிறுமிகளை, முன்பின் தெரியாதவர்கள் எதிரில் நிறுத்திப் பேசவைத்து, கணக்குப் போடவைத்தார்கள். குழந்தைகள் நடுங்கிப் போயின. பிறகு சிலரை அம்மா வந்து கட்டிக்கொண்டார். சிலரோடு அம்மா போனில் மட்டும் பேசினார். பதற்றத்தைத் தணிக்கும் ஆக்ஸிடோஸின் என்ற ஹார்மோன், இரண்டு கோஷ்டியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சுரந்தது! வெறும் குரல், அணைப்பின் வேலையைச் செய்துவிட்டது. இது 2010-ல் வந்த முடிவு. இரண்டு வருஷம் கழித்து, அம்மா ஆறுதலை எழுத்தாக டைப் செய்து அனுப்பினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளின் நிலை, அம்மாவே தொடர்பு கொள்ளாத குழந்தைகளின் நிலையை ஒத்திருந்தது!

வாட்ஸ்-அப்பில் நாம் தினமும் அனுப்பும் ‘சாப்ட்டியா?’ என்ற செய்தியில் பாதிதான் போய்ச் சேருகிறது. வார்த்தை போகிறது. பாட்டியின் தெலுங்கு உங்களுக்குப் புரிந்ததே, அந்த இன்னொரு பாதி போவதில்லை. ஊரில் அம்மா இருந்தால், இன்று ராத்திரி போனை எடுத்துப் பேசிவிடுங்கள். அவர் ‘ம்’ என்று மட்டும் சொன்னாலும் பரவாயில்லை. அது எந்த ‘ம்’ என்று உங்களுக்குத் தெரியும்.